பச்சைக்கொடி சவுரிராயன்

பச்சைக்கொடிக்காரர் என்று ஒரு இனம் இருக்கிறது. கையில் கொடி இருக்கணும் என்று அவசியம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, "அந்த டாக்டரா, தங்கமான மனுஷன்" என்பார். அந்த டாக்டரிடம் ஒரு தலைவலிக்குக்கூடப் போயிருக்க மாட்டார். போர்வெல் போடுகிற இடத்தில் நாலு பேர் நின்றால் ஐந்தாவதாகப் போய் நின்று, "இங்க தண்ணி அடிச்சுக்கினு வரும்" என்பார். பூமிக்குள் பார்த்தவர் மாதிரி தலையை வேறு ஆட்டுவார். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வராது. சிரிப்பார். "பார்த்த மாதிரிதாங்க" என்பார். இந்த 'மாதிரி' இருக்கிறதே, அதை வைத்துத்தான் அவர் குடும்பம் நடத்துகிறார்.

பொய்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்று தெரிந்திருக்கணும். இவருக்கு அந்தச் சிரமம் இல்லை. சோம்பேறியும் இல்லை. காலையில் முதல் ஆளாக எழுந்திருப்பார். அடுத்தவர் மனசு நோக ஒரு வார்த்தை பேச மாட்டார். முன்னால் போன நாலு பேர் சரி என்று சொல்லிவிட்டால் ஐந்தாவது ஆளாக நின்று இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர். அவ்வளவுதான்.

அந்த இனத்தில் நமக்குத் தெரிந்த ஒருத்தர் சவுரிராயன். முகையூர்ப் பக்கம் அந்தோணிமுத்து மேஸ்திரிக்கு இரண்டு தாரம். மூத்தவளுக்கு மூன்றும் பெண். இளையவளுக்குத் தவமிருந்து பிறந்த ஒரே பையன் இவர். மூன்று அக்காவும் ஆளுக்கொரு இடுப்பில் தூக்கி வளர்த்ததால், யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொன்னால் சாப்பாடு கிடைக்கும் என்பது சின்ன வயசிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தொண்ணூற்று மூன்றில் ரயில்வேயில் சேர்ந்தார். கொஞ்ச வருஷத்தில் பாயிண்ட்ஸ்மேன் ஆனார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். பேர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வருகிறவர்களில் பாதிப் பேர் நமக்குச் சொந்தமாக இருப்பார்கள்.

அவர் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கூட்ஸ் வண்டி ஒன்று ஸ்டேஷனில் நிற்காமல் போகிறது என்றால், பிளாட்பாரப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர் நிற்பார், எதிர்ப்பக்கம் பாயிண்ட்ஸ்மேன் நிற்பார். வேடிக்கை பார்க்க இல்லை. ஒவ்வொரு சக்கரமாகப் பார்க்க வேண்டும். சக்கரத்து அச்சின் முனையில் பேரிங்கை வைத்து, கிரீஸ் போட்டு மூடிய பெட்டி ஒன்று உண்டு. கிரீஸ் வற்றினால் அது சூடேறும். முதலில் கருகல் வாசம் வரும், அப்புறம் புகை வரும், அப்புறம் இரும்பு பழுக்கும், அப்புறம் அச்சே முறிந்து வண்டி படுத்துவிடும். சில நேரம் பிரேக் கட்டை சக்கரத்தை விடாமல் கவ்விக்கொண்டு வரும். கம்பி தொங்கும். கதவு திறந்து ஆடும். ஒன்றும் இல்லை என்றால் பச்சைக்கொடி, அதற்கு ஆல்ரைட் கொடுப்பது என்று பேர். ஒன்று இருந்தாலும் சிவப்பு. பெரிய யார்டுகளில் சக்கரத்துச் சூட்டை அளக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வந்துவிட்டது. வழியில் கிடக்கிற சின்ன ஸ்டேஷனுக்குக் கண்ணும் மூக்கும்தான் கருவி.

சவுரிராயனுக்குக் கண்ணும் இருந்தது, மூக்கும் இருந்தது. வண்டி வருகிற மணி அடித்ததும் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, கொடியை இரண்டு தரம் உதறி, தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், குதிகால் இரண்டையும் ஒட்டவைத்து, கல்யாணப் படத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நிற்பார். இன்ஜின் தாண்டியதும் அவர் கண் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? சக்கரத்துக்கா? அது சுத்துகிற வேகத்துக்கு எவன் பார்ப்பது. அவர் கண் நேராக வண்டியின் வாலுக்குப் போய்விடும். கடைசிப் பெட்டியில் கார்டு நிற்பார். கார்டு கையில் பச்சைக்கொடி ஆடும். 'வண்டிக்குச் சொந்தக்காரரே பச்சை காட்டுறாரு, நாம இன்னாத்தைப் புதுசா பார்த்துடப் போறோம்' என்று சவுரிராயன் தன் கொடியை ஆட்டுவார். சரி, கார்டு எதைப் பார்த்து ஆட்டினார்? சவுரிராயனைப் பார்த்து. ஸ்டேஷன் மாஸ்டர்? அந்த இரண்டு கொடியும் ஆடுவதைப் பார்த்து. இப்படி மூன்று பெரிய மனுஷர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து மரியாதை செய்துகொள்ள, நடுவில் நாற்பத்திரண்டு வேகன், வேகனுக்கு நாலு அச்சு, அத்தனையும் யார் கண்ணிலும் படாமல் போகும்.

பல வருஷம் போயிற்று. ஒரு வண்டியும் கவிழவில்லை. கவிழாமல் போனதால், தான் பார்த்துத்தான் அனுப்புகிறோம் என்று அவரே நம்பிவிட்டார்.

வீட்டிலும் இதே கொடிதான். மச்சினியின் மாமியாருக்கு முட்டி வீக்கம். "விழுப்புரத்துல ஒரு எலும்பு டாக்டரு இருக்காரு, கை வெச்சாப் போதும், எழுந்து ஓடலாம்" என்று அனுப்பிவைத்தார். அந்த அம்மாள் இரண்டு பஸ் மாறி நொண்டிக்கொண்டு போனால், டாக்டர் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வரவேற்பில் படம் மாட்டி மாலை போட்டிருந்தார்கள். திரும்பி வந்து வாயில் வந்தபடி திட்டினாள். சவுரிராயன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இருந்தவரைக்கும் நல்ல டாக்டருதான?" என்றார்.

சரி, சிரித்துவிட்டுப் போய்விடலாம் இதை எல்லாம். ஆனால் அவருக்கு ஒரு பெண் இருந்தாள்.

ஜெசிந்தா. இருபத்தாறு வயது. விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவுக்கு நேர் எதிர். காய்ச்சல்காரர் "இப்போ பரவால்லம்மா" என்றால்கூட வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். இரண்டாயிரத்து ஒன்பதில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பேர் தென்னரசு. திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம், நிலக்கடலை போடுகிற கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, பாண்டிச்சேரியில் கம்பெனி வேலை. தாயும் மகனும்தான். சவுரிராயனுக்கு ஒரே நாளில் பிடித்துவிட்டது.

"யாருப்பா விசாரிச்சது?" என்றாள் ஜெசிந்தா.

"எல்லாருந்தாம்மா. மாமா விசாரிச்சாரு. அந்த ஊரு உபதேசியாரு விசாரிச்சாரு. ஒருத்தராவது ஒரு கொற சொல்லணுமே."

"இன்னா கம்பெனி?"

"பெரிய கம்பெனி."

"பேரு இல்லியா அதுக்கு?"

"இவ்ளோ பெரிய கம்பெனிக்குப் பேரு இல்லாமலா இருக்கும்."

"போன்ல பேசுனா 'ம்'னு சொல்றாரு, வெச்சிடறாரு. நீ நேர்ல போய்ப் பார்த்தியாப்பா?"

"நிச்சயத்துல பக்கத்துலதான உக்காந்திருந்தேன். கூச்ச சுபாவம். பார்த்த மாதிரிதான்."

அம்மாக்காரி பாத்திரம் துலக்கிக்கொண்டே, "ஊரே நல்லா இருக்குன்னு சொல்லுது, இவளுக்கு மட்டும் ஒரு பேஜாரு" என்றாள். 

கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் ஓலை வாசிக்கணும். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரம், சாமியார் பெண் பேர், மாப்பிள்ளை பேர், பெற்றவர்கள் பேர் எல்லாம் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு ஏதாவது தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பார். பெண் ஊரிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை ஊரிலும் வாசிப்பார்கள். ஜனங்கள் அந்த நேரம் பார்த்துக் குனிந்து செருப்பைத் தேடுவார்கள். முதல் ஓலை ஆயிற்று. யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது ஆயிற்று. அப்பவும் இல்லை. மூன்றாவது ஞாயிறு வாசித்துவிட்டால் புதன்கிழமை கல்யாணம்.

அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, கோதுமை ஏற்றிய கூட்ஸ் ஒன்று திண்டிவனம் தாண்டி வந்தது. சவுரிராயன் நின்றார், கார்டைப் பார்த்தார், கொடியை ஆட்டினார். வண்டி போயிற்று. அவர் தொப்பியைக் கழற்றுவதற்குள் ஸ்டேஷன் போன் அலறியது. விழுப்புரம் பக்கம் ஒரு கிலோமீட்டரில் இருக்கிற ரயில்வே கேட்டிலிருந்து கோவிந்தம்மாள். கேட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது புருஷன் இறந்து, அந்த வேலை இவளுக்கு வந்தது.

வண்டியை நிறுத்திவிட்டாள். கார்டுக்குச் சிவப்புக்கொடி காட்டியிருக்கிறாள், அவர் வாக்கிடாக்கியில் டிரைவரிடம் சொல்லியிருக்கிறார்.

"போய் இன்னான்னு பாருய்யா. கண்ட்ரோல் ஆபீசுல என்னைக் கொன்னுடுவாங்க" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். சவுரிராயன் சைக்கிளை மிதித்தார்.

போனால், வண்டி கேட்டைத் தாண்டி நின்றிருந்தது. கார்டு ஆதிநாராயணன் இறங்கி நடந்து வந்து கோவிந்தம்மாளிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா நீ. வழியெல்லாம் ஆல்ரைட் குடுத்துக்கினு வந்திருக்காங்க. நீ ஒருத்தி நிறுத்துற."

"பொகையுது சார்."

"எங்க பொகையுது? இவரு இப்பதான பார்த்து அனுப்புனாரு." ஆதிநாராயணன் சவுரிராயனைக் காட்டினார்.

கோவிந்தம்மாள் சவுரிராயனைத் திரும்பிப் பார்த்தாள். "பார்த்தீங்களாண்ணா?"

"பார்க்காம இன்னா. என் டூட்டி அது."

"எத்தனாவது பொட்டில கதவு ஒடஞ்சி கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சி?"

சவுரிராயன் ஆதிநாராயணனைப் பார்த்தார். ஆதிநாராயணன் வானத்தைப் பார்த்தார்.

"ஏழாவது" என்றாள் அவள். "பதிமூணாவதுல யாரோ சாக்பீஸ்ல பூ வரைஞ்சிருக்காங்க. பத்தொம்பதாவதுல, இந்தப் பக்கம், பின்னாடி சக்கரம், கருகல் நாத்தம். கீச்சுன்னு கத்திக்கினே போச்சி. உங்க பக்கந்தாண்ணா அது. உங்க மூக்குக்கு முன்னாடிதான் போயிருக்கும்."

"அம்மா, நான் பச்ச காட்டுனேன்னா, கார்டு சார் காட்டுனாரு" என்றார் சவுரிராயன்.

"நான் காட்டுனது நீ காட்டுனதால" என்றார் ஆதிநாராயணன்.

"நீங்க மொதல்ல காட்டுனீங்க சார்."

"எனக்கு முந்தின ஸ்டேஷன்ல காட்டுனாங்கய்யா."

"அவங்களுக்கு?"

"அவங்களுக்கு நான் காட்டுனேன்."

கோவிந்தம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ நடுவுல வண்டின்னு ஒண்ணு போச்சே, அத யாரு சார் பார்த்தது?"

பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் இந்த இனம் ஒரு காரியம் செய்யும். நிரூபிக்கக் கிளம்பிவிடும். "வெயிலு காய்ஞ்சா இரும்பு சுடத்தான் செய்யும். இதுக்குப் போயி" என்று சொல்லிக்கொண்டே சவுரிராயன் பத்தொன்பதாவது வேகனுக்குப் போய், அந்த அச்சுப் பெட்டி மேல் உள்ளங்கையை அகலமாக வைத்தார். நல்ல மாட்டைத் தட்டிக் கொடுக்கிறவர் மாதிரி வைத்தார்.

எடுக்கும்போது தோல் பாதி அங்கேயே இருந்துவிட்டது.

விழுப்புரத்திலிருந்து ஆள் வந்து சூட்டுத் துப்பாக்கியைக் காட்டிப் பார்த்தார்கள். எண்ணைச் சொல்லவில்லை, உதட்டைக் கடித்தார்கள். இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தால் அச்சு முறிந்திருக்கும் என்றார்கள். எதிரில் ஒரு பாசஞ்சர் வருகிற நேரம். வேகனைக் கழற்றிப் போட்டார்கள். மூன்று பேரிடம் எழுதி வாங்கினார்கள். மூன்று பேரும் அடுத்தவர் ஆல்ரைட் கொடுத்ததாக எழுதிக் கொடுத்தார்கள். மூன்றும் உண்மை.

மத்தியானம் வீட்டில் ஜெசிந்தா கைக்கு மருந்து போட்டுக் கட்டினாள். முழுக் கதையும் கேட்டாள். "அப்போ இத்தன பேர்ல பார்த்தது அந்த அம்மா ஒருத்திதான்?"

"ஆமாம்மா. ஒருத்திதான்."

கட்டின துணியின் நுனியைக் கிழித்து முடிச்சுப் போட்டுவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டாள். "எனக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளைய, அந்த மாதிரி பார்த்தது யாருப்பா?"

சவுரிராயனுக்கு, "எல்லாரும்" என்று நாக்கு வரைக்கும் வந்தது. கை எரிந்தது. முழுங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில், கைக்கட்டோடு திண்டிவனம் பஸ் ஏறினார். முதலில் மச்சான் ராயப்பன். பெண்டாட்டிக்கு மூத்த அண்ணன், பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்தப் பையனை நீங்க பார்த்தீங்களா?"

"போட்டோல பார்த்தேன். நல்லாத்தான் சீவியிருந்தான்."

"வீடு, வேலை எல்லாம்?"

"உபதேசியாரு சொன்னாரே. அவரு அந்த ஊரு ஆளு, அவரு சொன்னா நாம போய்ப் பார்த்த மாதிரிதான மாப்ள?"

இந்த இனம் குடும்பத்தோடு வளர்கிறது என்று அப்போதுதான் சவுரிராயனுக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை ஊருக்குப் போய், சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாரைப் பிடித்தார். அவர் ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"நானா? நான் எதைக் கண்டேன். ராயப்பன் கேட்டாரேன்னு அம்மணியக் கேட்டேன். அது அவங்க எதுத்த வீடு. நல்ல குடும்பம்னு சொல்லிச்சி. சொன்னத சொன்னேன்."

அம்மணி வேறு யாரும் இல்லை. சவுரிராயனுக்குப் பெரியப்பா மகள்தான், இந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள். கையைப் பார்த்துப் பதறி, மோர் கொடுத்து உட்கார வைத்தாள்.

"அம்மணி, எதுத்த வீட்டைப் பத்தி உபதேசியார்கிட்ட நல்ல குடும்பம்னு சொன்னியாமே. உனக்கு யாரு சொன்னது?"

"நீ தாண்ணா சொன்ன."

"நானா?"

"இன்னாண்ணா மறந்துட்ட. அப்பா செத்து முப்பதாம் நாள் பூசைக்கு வந்தியே. பந்தியில உக்காந்திருக்கும்போது கேட்டேன். என் நாத்தனாரு பொண்ணுக்கு இந்த எடம் வருது, எப்படீன்னு. 'தங்கமான குடும்பம், கண்ண மூடிக்கினு குடு'ன்னு சொன்ன. அதுக்கு வேற எடம் அமைஞ்சிடுச்சி. ஆனா ரயில்வேக்காரரு சொன்ன வார்த்தையாச்சேன்னு மனசுல வெச்சிக்கினேன்."

சவுரிராயன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் குடும்பத்தின் பேரை அன்றைக்குத்தான் அவர் முதன்முதலில் கேள்விப்பட்டிருப்பார். பந்தியில் ரசம் வருகிற நேரமாக இருந்திருக்கும். அவர் சொன்ன வார்த்தை அம்மணியிடம் போய், உபதேசியாரிடம் போய், ராயப்பனிடம் போய், இரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டுக்கே நல்ல சேதியாகத் திரும்பி வந்து, அவரும் அதை நம்பிப் பத்திரிகை அடித்திருந்தார்.

"ஏம்மா, நீ எதுத்த வீட்டுல குடியிருக்க. எதுத்த வீட்டைப் பத்தி முகையூர்லேர்ந்து வந்த என்னையா கேட்ட?"

"எதுத்த வீடுன்னா எட்டியா பார்க்க முடியும்?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் இன்னாத்தச் சொல்றது. பையன் கொல்லையிலதான் இருக்குது. நீயே போய்ப் பாரேன்" என்றாள்.

போனார். தென்னரசு மல்லாட்டைக் கொல்லையில் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். சவுரிராயன் அவனை மேலும் கீழும் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சட்டைப் பையில், பால் பவுடர் டப்பாவுக்குள் கிடக்குமே அந்தச் சின்னக் கரண்டி, அது எட்டிப் பார்த்தது.

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தக் கல்யாணத்துல ஏதாச்சும் கோளாறு இருக்குதா?"

தென்னரசு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு மாசமா யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன் மாமா."

பாண்டிச்சேரியில் காயத்ரி என்று ஒரு பெண். கூட வேலை செய்தவள். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருஷம். குழந்தைக்கு எட்டு மாசம். ஒன்று விடாமல் சொன்னான்.

"ஏம்பா வாயத் தொறந்து சொல்லல?"

"எங்கம்மா பூச்சி மருந்து டப்பாவ மடியில வெச்சிக்கினு பேசுது மாமா. அதான் ஓலை வாசிச்சா ஊருல எவனாச்சும் எழுந்து சொல்லிடுவான்னு இருந்தேன். மொத வாரம் ஒருத்தனும் எழல. ரெண்டாவது வாரம் என் ஃபிரண்டுங்க ரெண்டு பேரு வந்து கை குடுத்துட்டுப் போறானுங்க. ரிஜிஸ்டர் ஆபீசுல சாட்சி போட்டவனுங்களே அவனுங்கதான்."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே."

"நிச்சயத்துல பக்கத்துலயே ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தீங்க. ஒரு வேகன் எத்தன டன்னு புடிக்கும்னு சொன்னீங்க. என்னப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சவுரிராயன் அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் திரும்பினார். ராத்திரி ராயப்பன் வீட்டில் படுத்தார். ராயப்பன் நல்ல யோசனை ஒன்று சொன்னார். "நாளைக்கு ஓலை அதுபாட்டுக்கு வாசிச்சிட்டுப் போவட்டும். சபையில எழுந்தா நமக்குத்தான் அசிங்கம். அப்புறமா சாமியார் காதுல மெதுவா போட்டுக்கலாம்." மெதுவாகத்தான் நாற்பது வருஷமாக எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருக்கிறார் ராயப்பன். எதுவும் யார் காதிலும் விழுந்தது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் பூசை முடிந்தது. சாமியார் தாளைப் பிரித்தார். "முகையூர் அந்தோணிமுத்து மகன் சவுரிராயன் மகள் ஜெசிந்தா" என்று வாசித்தார். மூன்றாம் முறையும் கடைசி முறையும் என்றார். தடை தெரிந்தவர்கள் என்றார். கோயில் நிறைய ஜனம். எல்லாரும் குனிந்தார்கள். சாமியார் தாளை மடிக்கத் தொடங்கினார்.

 ஒரு கூட்டத்தின் நடுவில் இல்லை என்று சொல்ல சவுரிராயன் தன் வாழ்க்கையில் ஒரு தடவையும் எழுந்தது கிடையாது. முழங்காலுக்கு அந்த வழக்கமே தெரியாது. பக்கத்தில் இருந்த ராயப்பன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் பாதி வேட்டி போயிருக்கும், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"சாமி, தடை இருக்குது."

பெண்கள் முக்காட்டைச் சரி செய்தார்கள். தூண் பக்கம் நின்ற தென்னரசு கண்ணை மூடிக்கொண்டான். அவன் அம்மா எழுந்து ஏதோ சொல்ல வாய் திறந்து, அவனைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"யார் சொன்னது உங்களுக்கு?" என்றார் சாமியார்.

எத்தனை வருஷத்துப் பழக்கம். 'எல்லாரும் சொல்றாங்க' என்றுதான் வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினார்.

"யாரும் சொல்லல சாமி. நான் போய்ப் பார்த்தேன். நேத்து. கேட்டேன். அவரே சொன்னாரு."

கல்யாணம் நின்றது. அதைவிடப் பெரிய வேடிக்கை கோயில் வாசலில் நடந்தது. வெளியே வந்த ஒவ்வொருத்தரும் சவுரிராயன் தோளைத் தொட்டு, "எங்களுக்குத் தெரியும்ங்க" என்றார்கள். பால்காரருக்குத் தெரிந்திருந்தது. குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் வாங்கிக் கொடுத்தவர்கூட அங்கேதான் நின்றார். உபதேசியார் பெருக்குமாறை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அம்மணி மூக்கைச் சிந்தினாள்.

"தெரிஞ்சிக்கினே ஏன் சொல்லல?" என்று கேட்டார் சவுரிராயன்.

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. பொண்ணு வூட்டுக்குத் தெரிஞ்சித்தான் பண்றாங்கன்னு நெனச்சோம்" என்றார்கள். "உங்களுக்கே சம்மதம்னா நமக்கு இன்னா?"

வீட்டுக்கு வந்தார். ஜெசிந்தா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சொன்னார். 

"நேர்ல போய்ப் பார்த்தியாப்பா?"

"பார்த்தேம்மா."

"ம்" என்றாள். அவர் கைக்கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்து, வேறு துணி கட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். புதன்கிழமை கட்டுவதற்கு எடுத்துவைத்த புடவை பீரோவில் இருந்தது. அம்மாக்காரி அன்றைக்கு முழுக்க அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

கதை நல்லபடியாக முடிந்துவிட்டது, ஆள் திருந்திவிட்டார் என்று நீங்கள் எழுந்திருப்பது தெரிகிறது. உட்காருங்கள். சவுரிராயன் இப்போது சக்கரம் பார்க்கிறார், உண்மைதான். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று முதல் மாசத்தில் ஒன்றும் இல்லாத இரண்டு வண்டியை நிறுத்தித் திட்டு வாங்கினார். வாங்கட்டும். தென்னரசு காயத்ரியையும் குழந்தையையும் ஊருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மருந்து டப்பாவை மடியிலிருந்து எடுத்துவிட்டு அவன் அம்மா அந்த இடத்தில் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிறாள். ஊர் அதற்கும் சரி என்றுவிட்டது.

ஜெசிந்தாவுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. வருகிறார்கள், பெண்ணைப் பார்க்கிறார்கள், பிடித்திருக்கிறது என்கிறார்கள், விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று போகிறார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. மூன்றாவது ஓலையில் நின்ற கல்யாணமாம். பெண் பக்கம் ஏதோ இருக்கப் போய்த்தானே நின்றிருக்கும். யார் பார்த்தது? எல்லாரும் சொல்கிறார்களே. பச்சை ஆட்டுகிற கைக்குச் சிவப்பு ஆட்டத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். அதுவும் அதே லாவகத்தோடு ஆட்டுகிறது. அதற்கும் சக்கரத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

போன மாசம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், பெட்டிக்கடை ஓரமாக ஒருத்தர் உங்களிடம் பேச்சுக் கொடுத்தார். வெளியூர்க்காரர், பையனுக்குப் பெண் தேடி வந்தவர். "அந்த ரயில்வேக்காரரு பொண்ணு, நர்ஸு, எப்படிங்க?" என்று கேட்டார். நீங்கள் அவளைப் பார்த்ததே கிடையாது. தப்பாக ஒரு வார்த்தையும் நீங்கள் சொல்லவில்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். லேசாக உதட்டைப் பிதுக்கினீர்கள். அவ்வளவுதான்.

பெண்ணைப் பார்க்க விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றிருந்த அவர், தன் ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.